வாட்ச் செயினின் மறுமுனை

ஆவுடையப்பனுக்கு வயது அறுபத்து மூன்று. அவருடைய குரு மங்கையம்மாளுக்கு நாற்பத்தைந்து. அம்பாசமுத்திரம் பக்கத்தில் அம்மாள் நடத்தும் சின்ன மடத்துக்கு ஐந்து வருடமாக வருகிறார். ஐந்து வருடமாக அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"சும்மா இருக்கது எப்படிம்மா?"

அம்மாள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. சிரித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்.

ஆவுடையப்பன் மின்சார இலாகாவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தார். அன்றிலிருந்து அது ஊற்றுகிறது. கிறீச்சிட்ட மின்விசிறியைச் சரிசெய்தார். இப்போது சத்தமும் இல்லை, காற்றும் இல்லை. தங்கமான மனுஷர். தங்கமான மனுஷர் கையில் திருப்புளி கிடைத்துவிட்டால் அப்புறம் கடவுள் விட்ட வழிதான்.

ஒருநாள் காலை கண் கலங்க வந்து நின்றார். ஒரு கையில் வாட்ச், மறு கையில் திருப்புளி.

"மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்ததும்மா. போட்டா முழங்கை வரைக்கும் ஓடுது. செயின்ல ஒரு கண்ணியைக் கழட்டணும். ஸ்க்ரூ வரமாட்டேங்கு."

"எத்தனை நாளா திருகுதீங்க?"

"நாலு நாளா. சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. வெளிய மட்டும் வரல."

"கடையில கொடுத்திருக்கலாமே?"

"நான் இருக்கும்போது கடை எதுக்கும்மா?" என்றார். சொன்னபிறகு அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அவர் மகள் வடிவு பத்து நாளாகப் பிறந்த வீட்டில் இருக்கிறாள். வாஷிங் மெஷினை எங்கே வைப்பது என்று புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு சின்னச் சண்டை. இவர் சமாதானம் பேசப் போனார். மகள் சொன்னதை மாப்பிள்ளையிடம் சொன்னார். மாப்பிள்ளை சொன்னதைச் சம்பந்தியிடம் சொன்னார். மறுநாள் மகள் பெட்டியோடு வந்துவிட்டாள்.

"இன்னைக்குச் சாயந்தரம் மாப்பிள்ளை வாராரு, அவகூடப் பேசணும்னு. கையில அவர் வாட்ச் இல்லன்னா என்ன நினைப்பாரு? என் பிள்ளை வாழ்க்கைம்மா இது."

அம்மாள் வாட்சை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். அடுப்பில் சுக்குக் காப்பிக்கு வெந்நீர் கொதித்தது. அதை ஒரு டம்ளரில் ஊற்றி, வாட்ச் நனையாமல் செயினை மட்டும் உள்ளே தொங்கவிட்டார்.

"பசை போட்டு முடுக்கியிருக்கான். சூடு பட்டா இளகும். பத்து நிமிஷம் விடுங்க."

பத்து நிமிடத்தில் ஆவுடையப்பன் அதை ஏழு முறை வெளியே எடுத்துப் பார்த்தார். எட்டாவது முறை அம்மாள் அவர் கையைத் தட்டிவிட்டார்.

பிறகு தன் கண்ணாடி டப்பாவிலிருந்து இன்னொரு குட்டித் திருப்புளியை எடுத்தார்.

"இந்த ஸ்க்ரூவுக்கு ரெண்டு பக்கமும் தலை இருக்கு. இந்தப் பக்கம் நான் திருகுதேன். அந்தப் பக்கத்தை நீங்க உங்க திருப்புளியால ஆடாம பிடிச்சுக்கோங்க."

"சரிம்மா."

அம்மாள் திருகினார். சுற்றியது. வரவில்லை.

"நீங்களும் திருகுதீங்க."

"கொஞ்சம் ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு..."

"வேண்டாம். பிடிச்சா போதும்."

மறுபடி திருகினார். மறுபடி சுற்றியது.

"இப்பவும் திருகுதீங்க."

"நீங்க போற பக்கமேதாம்மா நானும் போனேன். குரு போற வழியிலதானே சிஷ்யன் போகணும்?"

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்வரை இருவரும் திருப்புளியை எடுத்து வைத்திருந்தார்கள்.

மூன்றாவது முறை ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார். திருப்புளியை அசைக்காமல் பிடித்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. ஐந்து வருடத் தியானத்தில் அவர் இவ்வளவு பாடுபட்டதில்லை.

'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்க்ரூ தானாக வருவதுபோல் வெளியே வந்தது.

கண்ணியைக் கழற்றி, செயினை மாட்டி முடித்ததும் வாட்ச் மணிக்கட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆவுடையப்பன் சின்னப் பிள்ளையாகிவிட்டார். கையை நீட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், விழுந்து கும்பிட்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார்.

"சாயந்தரம் மாப்பிள்ளைகிட்டச் சொல்ல பதினாலு விஷயம் எழுதி வச்சிருக்கேன். வடிவுக்குத் தனியா ஒன்பது. எதை முதல்ல ஆரம்பிக்கணும்மா?"

அம்மாள் காகிதத்தை வாங்கினார். வெந்நீர் டம்ளருக்கு அடியில் அதை வைத்தார். மேஜைமேல் கிடந்த குட்டித் திருப்புளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அவங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கிற வரைக்கும் இதைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருங்க."

"எதைத் திருகணும்?" என்று கேட்க ஆவுடையப்பன் வாயைத் திறந்தார்.

பிறகு மூடிக்கொண்டார்.