நாலாம் டோக்கன்

ஒரு ஊரில் வெள்ளம் வந்தது. இட்லிக்கடை வைத்திருந்த தனக்கோடி பள்ளிக்கூட முகாமில் ஒதுங்கினாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. வெளியே அவள் சாப்பாட்டு வரிசையில் நின்றாள். அவளுக்குள்ளும் ஒரு வரிசை நின்றது.

அந்த உள்வரிசைக்கு மனம்தான் குமாஸ்தா. எல்லாம் முறைப்படி நடக்காவிட்டால் அதற்குத் தலை வெடித்துவிடும். பசிக்கு ஒன்றாம் டோக்கன், பயத்துக்கு இரண்டு, பாசத்துக்கு மூன்று, மானத்துக்கு நான்கு என்று கொடுத்திருந்தது. முன்னால் இருப்பது அடங்கி உட்காரும்வரை பின்னால் இருப்பது முண்டக்கூடாது.

பசிக்கு அன்று என்னவோ பேச்சுத்துணை வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தது.

"நாலாம் நம்பரு, நீ யாருப்பா? உன்னை நான் பார்த்ததே இல்லையே."

"நீ என்னைக்குத் திரும்பிப் பார்த்த?" என்றது மானம்.

"சரி, உனக்கு என்ன வேணும்? சோறா?"

"இல்ல."

"போர்வையா?"

"அதுவும் இல்ல. என்ன வேணும்னு எனக்கே சொல்லத் தெரியல. பறிபோறப்பதான் தெரியும்."

இப்படியும் ஒரு ஜென்மமா என்று பசிக்கு அதிசயமாக இருந்தது. இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கும். அதற்குள் தனக்கோடியின் முறை வந்துவிட்டது.

பொட்டலத்தை நீட்டியவர் அதைக் கையிலிருந்து விடவில்லை. பக்கத்தில் இருந்தவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

"இங்க பாருங்கக்கா. பொட்டலத்தை நெஞ்சுக்கு நேரா புடிங்க. கொஞ்சம் சிரிங்க."

சாம்பார் வாசனை மூக்கில் ஏறியது. "சிரிச்சுத் தொலையேன், என்ன குறைஞ்சிடப் போகுது?" என்று பசி அவளைப் பிடித்து உலுக்கியது.

மானம் எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றது. "நாலாம் நம்பர், பின்னால போ" என்று மனம் அதட்டியது. மானம் அசையவில்லை.

"போட்டோ இல்லாம குடுங்க தம்பி" என்றாள் தனக்கோடி.

"அது முடியாதுக்கா. எல்லாருக்கும் எடுக்கிறோம்ல."

அவள் பொட்டலத்திலிருந்து கையை எடுத்தாள். வரிசையை விட்டு விலகி நடந்தாள். பாவம், அந்தப் பசியோடு எப்படி நடந்தாளோ.

மனம் பசியிடம் ஓடி வந்தது. "உன் முறையை அது கெடுத்துடுச்சு. புகார் எழுதட்டுமா?"

பசி சுருண்டு கிடந்தது. வலி தாங்கவில்லை. ஆனாலும் சற்று யோசித்துவிட்டுச் சொன்னது:

"வேணாம். அந்த ஆளு படம் புடிக்கப் பார்த்தது அவளை இல்ல, என்னை."