எங்க டாக்டர்

டாக்டர் கனகசபைக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தெட்டு. குரு ஒரு காலத்தில் அதே ஊரில் தபால்காரராக இருந்தவர். கனகசபையின் மருத்துவமனைக்கே தபால் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அவர் வேலையை விட்டுவிட்டு ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் டாக்டர் அவரைக் கும்பிட ஆரம்பித்தார். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. இருவருமே அதைக் கண்டுகொள்வதில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை கனகசபை ஒரு காகிதக் கட்டோடு வந்தார். குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி, ஒரு கையெழுத்துப் போடணும். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடலாம்னு வந்தேன்."

"எதுல கையெழுத்து?"

"வழக்குல. டாக்டர் ரெஜினா மேல."

ரெஜினா அவருடைய மருத்துவமனையில் பதினோரு வருடம் பிரசவம் பார்த்தவர். போன மாதம் விலகினார். விலகிய பத்தாம் நாள், இரண்டு தெரு தள்ளிப் புதிதாகத் திறந்த மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார்.

"வேலைக்குச் சேரும்போதே எழுதிக் குடுத்திருக்காங்க சாமி. விலகினா ரெண்டு வருஷத்துக்கு, இருபது கிலோமீட்டருக்குள்ள வைத்தியம் பாக்கமாட்டேன்னு."

"மிரட்டி வாங்கினீங்களா?"

"ஐயோ, இல்ல. படிச்சுப் பாத்துதான் போட்டாங்க."

"அப்ப தப்பு அவங்க மேலதான்."

கனகசபைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. ஒரு மாதமாக அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. கோபம் பாதி, வருத்தம் பாதி.

"பயிற்சிக்கு நான்தான் அனுப்பி வெச்சேன். கேட்ட ஸ்கேன் மெஷினை வாங்கிப் போட்டேன். முதல் நாலஞ்சு வருஷம் அவங்களை யாரு தேடி வந்தா? இன்னிக்கு அந்தப் புது ஆஸ்பத்திரிக்காரன் கூப்பிட்டதும் கிளம்பிட்டாங்க. அவங்க எங்க டாக்டர், சாமி."

குரு நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"எங்க டாக்டர்னு சொன்னேன்."

குரு ஒரு தண்டைக் கிள்ளித் தட்டில் போட்டார்.

"இருபது கிலோமீட்டர்னா எதுலேருந்து அளக்கறது?"

"ஆஸ்பத்திரி முன்வாசல்லேருந்து. ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு."

"அந்த வாசல் வழியா நீங்க போய் எவ்வளவு நாளாச்சு?"

கனகசபை யோசித்தார். கார் நிற்பது பின்பக்கம். அங்கேயே லிஃப்ட். அறை மூன்றாவது மாடியில்.

"ஏழெட்டு வருஷம் இருக்கும்."

"இன்னிக்கு அது வழியாப் போங்க. விசாரணை ஜன்னல்ல ஒரு மணி நேரம் உக்காருங்க. கேக்கறவங்களுக்கு உள்ளதைச் சொல்லுங்க. அப்புறம் கையெழுத்துப் போடலாம்."

"வக்கீல் பன்னிரண்டு மணிக்கு வரச்சொல்லியிருக்காரு."

"இப்ப ஒன்பதரைதானே."

கனகசபை போனார். ஜன்னலில் இருந்த பெண் பதறிப்போய் எழுந்து நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தாள். வெளியே இருந்தவர்களுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. அவருடைய படம் அவர்களுடைய தலைக்கு மேலேயேதான் மாட்டியிருந்தது.

வியாழக்கிழமை கர்ப்பிணிகள் வரும் நாள். முதலில் வந்தவள் ஃபைலை ஜன்னலுக்குள் நீட்டினாள்.

"எங்க டாக்டர்?"

"எந்த டாக்டரும்மா?"

"ரெஜினாம்மா."

"அவங்க இப்ப இங்க இல்ல."

அடுத்து வந்தவளும் அதையே கேட்டாள். அதற்கடுத்து ஒரு மாமியார், மருமகளைப் பின்னால் நிற்க வைத்துவிட்டு அதையே கேட்டாள். பத்துப் பேர் ஆவதற்குள், ஆள் வாயைத் திறக்கும் முன்பே கேள்வி அவருக்குத் தெரிந்துவிட்டது.

செண்பகவல்லி என்று ஒரு பெண் வந்தாள். எட்டு மாதம். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க டாக்டர் சார்?"

"வேற டாக்டர் இருக்காங்கம்மா. உள்ள போய்க் காட்டுங்க."

"எனக்கு ரெண்டு தடவ அஞ்சாம் மாசத்துல கலைஞ்சிருச்சு. இந்தத் தடவ கர்ப்பப்பை வாயில தையல் போட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க. ஒன்பதாம் மாசம் பொறந்ததும் நானே பிரிச்சு விடறேன், பயப்படாதேன்னு சொன்னாங்க."

"தையலை யார் வேணும்னாலும் பிரிக்கலாம்மா." மருத்துவராக அவர் சொன்னது முழு உண்மை.

"பிரிக்கலாம் சார்," என்றாள் அவள். "இது எனக்கு மூணாவது. அவங்க பயப்படாதேன்னு சொன்னதுலதான் இத்தனை மாசமாத் தூங்கறேன். எங்கே போயிருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் போய்க்கறேன்."

அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால், மதிலுக்கு மேலே அந்தப் புது மருத்துவமனையின் பெயர்ப்பலகை தெரிந்தது.

"தெரியாது," என்றார் கனகசபை.

அவள் போகவில்லை. எதிர் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்து ஃபைலை மடியில் வைத்துக்கொண்டாள். யாராவது தெரிந்தவர் வருவார் என்று நினைத்தாளோ என்னவோ. ஒரு மணி நேரம் ஆவதற்கு முன்பே கனகசபை எழுந்துவிட்டார்.

அவர் திரும்பி வந்தபோது கீரை வெந்துகொண்டிருந்தது.

"என்ன கேட்டாங்க?" என்றார் குரு.

"எல்லாரும் ஒண்ணையேதான் கேட்டாங்க."

"என்னன்னு?"

"எங்க டாக்டர்னு."

"என்ன சொன்னீங்க?"

"இல்லன்னு சொன்னேன்." அடுத்ததைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "ஒரு பொண்ணுகிட்ட, எங்கே இருக்காங்கன்னு தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"அந்தப் பொண்ணு?"

"பெஞ்சுல உக்காந்திருக்கா."

குரு அடுப்பைத் தணித்தார். கனகசபை காகிதக் கட்டை மடியில் வைத்து அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இருந்தாலும் சாமி, எழுதிக் குடுத்தது எழுதிக் குடுத்ததுதானே? நீங்களே சொன்னீங்களே, தப்பு அவங்க மேலதான்னு. என்ன இருந்தாலும் அவங்க எங்க டாக்டர்."

"அதே ரெண்டு வார்த்தைதான், டாக்டர்," என்றார் குரு. "நீங்க சொல்றீங்க. அவ கேக்கறா. முதல்ல அவளுக்குப் பதில் சொல்லிட்டு வாங்க."