கபடிக்கால் முட்டியும் வாத்தியார் ஜவ்வும்

முன்னொரு காலத்தில் ஒரு ஊரில் ஒரு ஆள். அந்த ஆளுக்கு இரண்டு கால். அதில் வலது காலுக்கு ஒரு முட்டி. அந்த முட்டிக்கு ஊர் கொள்ளாத கர்வம்.

ஆள் பெயர் மாசிலாமணி. கபடிக்காரன். அவன் பாடிப்போய்த் தொட்டுத் திரும்பியதெல்லாம் தன்னால்தான் என்று முட்டிக்கு நினைப்பு. வலித்தாலும் வாயைத் திறக்காது. அப்படி மறைத்து மறைத்தே உள்ளே மெத்தையாய் இருந்த ஜவ்வு கந்தலாகிப் போனது.

டாக்டர் கந்தலை எடுத்துவிட்டு, இறந்துபோன ஒருவரிடமிருந்து தானமாக வந்த ஜவ்வை வைத்துத் தைத்தார். "நடக்கலாம், படி ஏறலாம். கபடி மட்டும் வேண்டாம். இதுவும் கிழிஞ்சா கஷ்டம்" என்றார்.

முட்டி புதுசை ஏற இறங்கப் பார்த்தது. "நீ எந்த டீம்?"

"டீமா? நான் ஒரு கணக்கு வாத்தியார் கால்ல இருந்தேங்க."

"போச்சு! ஓடுவாரா, குதிப்பாரா?"

"பஸ்ஸைப் பிடிக்க ஒரு தரம் ஓடினார். பஸ் போயிடுச்சு."

இடது முட்டி சிரித்துச் சிரித்து மடங்கிவிட்டது. "அண்ணே, உன் வீரத்துக்கு ஏத்த ஜோடி!"

"அப்புறம் எதுக்குத்தான் இங்க வந்தே?" என்று எரிந்து விழுந்தது வலது முட்டி.

"அன்னைக்கு டியூஷன் முடிச்சு வீட்டுக்கு நடந்து வந்தார். தெருமுனையில சரிஞ்சவர்தான். அந்த மீதித் தூரத்தை நடந்து பார்த்துடணும்னு ஒரு ஆசைங்க."

"சிரிச்சது போதும்டா" என்று வலது முட்டி இடதை அதட்டியது.

மாதங்கள் போயின. வீக்கம் வடிந்தது. வாக்கரை விட்டுக் கைத்தடி, கைத்தடியை விட்டுச் சொந்தக் கால் என்று மாசிலாமணி தேறிவிட்டான். வலியே இல்லை. அதுதான் வினையாகப் போனது.

திருவிழாக் கபடியில் ஆள் குறைந்தது. கேப்டன் கதிரேசன் ஓடி வந்தார். "டேய் மாசி, ஒரே ஒரு ரைடுடா! சும்மா கோட்டைத் தொட்டுட்டு வா, போதும்."

மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டினான். குனிந்து களத்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். விசில் பறந்தது. முட்டிக்கு நரம்பெல்லாம் துடித்தது. உள்ளே ஜவ்வு தையலை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

'சே, என் பிழைப்பு இப்படியா ஆகணும்!' என்று முட்டி தன்னையே திட்டிக்கொண்டது. 'நெஜ வலியையே மறைச்ச சூரன் நான். இப்போ இல்லாத வலிக்கு நடிக்கணுமா?'

நடித்தது. ஊரே பார்க்க, நட்டநடுக் களத்தில், சுருக்கென்று ஒரு வெட்டு வெட்டிவிட்டு மண்டியிட்டது.

"யாரும் தொடவே இல்லையேப்பா, அதுக்குள்ள அவுட்டா?" என்று யாரோ கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாசிலாமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கதிரேசண்ணே, என் முட்டி ரிட்டயர் ஆயிடுச்சுண்ணே."

ஆட்டம் முடிந்தது. கூட்டம் கலைந்தது. நாற்காலிகள் வண்டியேறின. கடைசி ஆளாக மாசிலாமணி எழுந்து, துளியும் நொண்டாமல் வீட்டைப் பார்த்து நடந்தான்.

தெருமுனை வந்ததும் ஜவ்வு மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த இடத்தில் மட்டும் முட்டி மெதுவாக, வெகு பதமாக மடங்கி நிமிர்ந்தது.

"தாண்டிட்டோமா?"

"தாண்டிட்டோம், வாத்தியாரே. அதோ பாருங்க, வீடு."