வானத்து இரும்பின் எடை

முன்னொரு காலத்தில் முகில்வாடி என்ற நாட்டைச் சித்திரமேகன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் தன் பெருமையை யாராவது ஓலையில் எழுதி நீட்டிவிட்டால் போதும், அப்படியே நம்பிவிடுவான்.

அந்த நாட்டில் குன்றூர் மலையில் வானத்திலிருந்து விழுந்த இரும்புக்கல் ஒன்று கிடந்தது. படுத்த எருமை அளவு இருக்கும். ராஜா கேள்விப்பட்டு அதை அரண்மனை முற்றத்துக்கு இழுத்துவரச் செய்தான். பத்தே நாளில் அரண்மனை ஓலைகளைக் காக்கும் நம்பிராயர் பழுப்பேறிய ஓலை ஒன்றோடு வந்தார். மந்திரி அறவாழிக்குக் கிடைக்கும் மரியாதையைப் பார்த்து வயிறெரிந்து, தானும் ராஜாவிடம் பேர் வாங்கத் துடிக்கிற ஆள் அவர்.

"முப்பது வருஷத்துக்கு முன், மகாராஜா பிறந்த நாழிகையில் விழுந்த கல் இது. அன்றே எடைபோட்டு எழுதிய ஓலை. ஏழு பாரம், மூன்று துலாம்" என்று வாசித்தார். "குன்றூர்க் கொல்லச்சி உலகி இதை வெட்டி அரிவாள் அடிக்கிறாள். தங்கள் ஆயுளையே வெட்டுகிறாள், பிரபு."

ராஜா உடனே உலகியைப் பிடித்துவந்து வலது கையை எடுத்துவிடச் சொன்னான்.

சபைக்குக் கொண்டுவரப்பட்ட உலகி அழவில்லை. "எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலேயே இந்தக் கல்லு அங்கதான் கிடந்துச்சு, சாமி. ஊர்ல கல்யாணம்னா ஒரு பிடி வெட்டிப் பொண்ணுக்கு அரிவாள் அடிச்சுக் குடுப்போம். இந்தக் கை போனா என் வீட்டுல அஞ்சு பேரு பட்டினி."

சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இத்தனை பெரிய மனிதர்கள் இருந்தும் அப்படி. சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அறவாழி மட்டும் எழுந்தார். "கல்லை ஒருமுறை எடைபோடுவோம், மகாராஜா."

பெருந்தராசு வந்தது. ஏழு பாரம், மூன்று துலாம்.

"ஓலையில் உள்ளபடியே இருக்கிறது. அப்படியென்றால் முப்பது வருஷமாகக் கல்லிலிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை. உலகியை விட்டுவிடலாம்."

நம்பிராயர் பதறினார். "எடுத்திருக்கிறாள். உளித்தடம் இருக்கிறதே. ஊரில் நாற்பது அரிவாள் இருக்கிறது."

"அப்படியானால் விழுந்த அன்று கல் இதைவிடக் கனமாக இருந்திருக்க வேண்டுமே. நாற்பது அரிவாளின் கனம் உங்கள் ஓலையில் எங்கே?"

நம்பிராயர் ராஜாவின் காலில் விழுந்தார். கல் முற்றத்துக்கு வந்த அன்றுதான் அவர் அதை எடைபோட்டிருந்தார். எழுதிய ஓலையைச் சமையற்கட்டில் புகை காட்டிப் பழசாக்கியிருந்தார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கிவந்தான். பிறகு, "என் பெருமைக்காக ஒருத்தியின் கையை எடுக்க இருந்தேன்" என்றான். தன் முத்துமாலையைக் கழற்றி அறவாழிக்குப் போட்டான். "கல் மலைக்கே திரும்பிப் போகட்டும். புது ஓலை எழுதுங்கள். கல் எப்போது விழுந்தது, உலகி?"

"தினை அறுக்குற நாள்ல விழுந்துச்சுன்னு சொல்லுவாங்க. வருஷம் தெரியாது சாமி."

"வருஷம் தெரியாது என்றே எழுதுங்கள்" என்றான் ராஜா. கொஞ்சம் தயங்கி, "என் பெயர் வருமா?" என்று கேட்டான்.

"கல்லைக் கொண்டுவந்தவர், திருப்பி அனுப்பியவர் என்று வரும். இரண்டும் உண்மை" என்றார் அறவாழி. ராஜா சிரித்துவிட்டான்.

கல் மலைக்குத் திரும்பியது. பின்னாலேயே நம்பிராயரும் நடந்து போனார். இனி அந்தக் கல்லில் வெட்டும் ஒவ்வொரு துண்டையும் எடைபோட்டு எழுதுவதுதான் அவர் வேலை. அவருடைய முதல் ஓலை இப்படி இருந்தது: "இன்று குன்றூரில் கல்யாணம். கல்லில் ஒரு பிடி குறைந்தது. வெட்டியது உலகியின் வலது கை."