கடைசி வரியில் விளாத்திகுளம்

லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு நாற்பத்தாறு வயதில் கணினி படிக்க வந்தவர் இன்னாசி. சொல்லிக்கொடுத்த மெஹருன்னிசா அவரைவிட இருபது வயது இளையவள். அவர் டீச்சர் என்பார், அவள் அண்ணே என்பாள்.

பேருந்து நிலையத் திரையில் நேரம் காட்டும் பக்கம்தான் அவருடைய முதல் வேலை. நிமிடத்துக்கு ஒருமுறை அது பழைய பட்டியலை அழித்துவிட்டு, ஒவ்வொரு பஸ்ஸாக மறுபடி எழுதும். ஒவ்வொரு வரிக்கும் திரை ஒரு குதி குதிக்கும். கடைசி வரி வந்து சேருமுன்னே விளாத்திகுளம் பஸ்ஸைக் காணோமென்று, நேற்று ஓர் அம்மா கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா கழட்டிருவேன். நமக்கு மைக்கே போதும்" என்று சொல்லிவிட்டார் நிலையக் கண்காணிப்பாளர்.

"பட்டியல் மொத்தத்தையும் மெமரியில கட்டி முடிச்சிட்டு, ஒரேடியா திரையில வைங்க" என்றாள் மெஹருன்னிசா.

"யார் கண்ணுக்கும் படாம உள்ளுக்குள்ளயே கட்டணுமா? வர வரக் காட்டுனாத்தானே டீச்சர், வேலை நடக்குதுன்னு தெரியும்?"

அவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தப்ப மதினி நம்ம சென்டருக்கு போன் பண்ணாங்க."

"என்னவாம்?"

"ஆஸ்பத்திரியில இருக்காங்களாம்."

இன்னாசி எழுந்துவிட்டார். அவள் ஒரு வாய் டீ குடித்தாள். அதற்குள் அவர் வாசலில் ஒரு செருப்பை மாட்டியிருந்தார்.

"அவங்க தம்பிக்குப் பொண்ணு பிறந்திருக்காம். பாக்கப் போயிருக்காங்க. நீங்க வரும்போது மிட்டாய் வாங்கிட்டு வரணுமாம்."

கதவைப் பிடித்தபடி நின்றார் இன்னாசி.

"ஏம்மா, இதை ஒரே மூச்சுல சொன்னா என்ன? போன உசுரு இப்பத்தான் திரும்புது."

மெஹருன்னிசா கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தார்.

"கழட்டலைன்னுட்டார் டீச்சர். பட்டியல் மாறுறதே தெரியல." பொட்டலத்தை மேஜையில் வைத்தார். "ஆனா திரையைப் பத்தி ஒருத்தராவது ஒரு வார்த்தை சொல்லணுமே. நிமிந்து ஒரு பார்வை, அப்படியே பஸ்ஸுக்குப் போயிடுறாங்க. நான் பட்ட பாட்டை எவன் பாத்தான்?"

அவள் ஒரு மிட்டாயைப் பிரித்தாள்.

"விளாத்திகுளம் பஸ்ல கூட்டமா?"

"கால் வைக்க இடமில்ல."

"அத்தனை பேரும் பாத்திருக்காங்க அண்ணே."