மயிலைப் பார்க்காத மாசிலாமணி

உச்சிப்பாறை மடத்துக்கு மாசிலாமணி அன்று தாமதமாக வந்தான். வேட்டியில் முழங்கால் உயரத்தில் பருப்புச்சோறு ஒட்டியிருந்தது.

“சாமி, இன்னையோட பாடத்தை நிறுத்திக்கிறேன்.”

“என்னப்பா ஆச்சு?” என்றார் குரு.

“என் மக குயிலி. ஒன்றரை வயசு. காலைப் புடிச்சா விடமாட்டேங்கிறா. நான் பல் தேய்ச்சா காலடியில நிக்கிறா. மத்தியானம் தூங்குறப்பவும் என் அரைஞாண் கயித்தை விரல்ல சுத்திக்கிட்டுதான் தூங்குறா. புரண்டா, ‘ப்ப்பாஆஆ!’”

அவன் கத்திக் காட்டியதில் தொழுவத்து மாடுகள் திரும்பிப் பார்த்தன.

“வீட்டுல என்ன சொல்றாங்க?”

மாசிலாமணி இடுப்பில் கைவைத்து மனைவியின் குரலை எடுத்தான். “‘மடமும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். புள்ளையோட இரு. உங்க சாமி என்னைக்காவது பீத்துணி துவைச்சிருக்காரா?’”

“நியாயம்தான்” என்றார் குரு. “முன்னாடியும் இப்படித்தானா?”

“முன்னெல்லாம் சமத்து, சாமி. காலையில சோறு ஊட்டிக்கிட்டே, ‘அதோ பாரு, காக்கா!’ம்பேன். அவ திரும்புவா. நான் கொல்லை வழியா நழுவிடுவேன். அழுகையே கிடையாது. இப்ப காக்கான்னா என் மூஞ்சியைத்தான் பாக்குறா.”

“இதுக்கு ஒரு வழி இருக்கு. கவனமாக் கேளு. முதல்ல நீ... அடடே, அங்கே பார், பருந்து!”

மாசிலாமணி திரும்பினான். வானம் வெறுமையாக இருந்தது. மீண்டும் திரும்பினான். குரு உட்கார்ந்திருந்த பாயும் வெறுமையாக இருந்தது.

சமையற்கட்டில் தேடினான். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். ஒரு நாழிகை கழித்துக் குரு ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தார்.

“எங்கே விட்டேன்? ஆங், வழி. அதாவது... ஐயையோ, குரங்கு!”

குரங்கும் இல்லை, குருவும் இல்லை. இந்த முறை வாயில் ஒட்டிய மோரைத் துடைத்தபடி வந்தார். அதற்குள் மாசிலாமணி பாய்க்கு மிக அருகில் நகர்ந்து உட்கார்ந்திருந்தான்.

“சரி, இப்ப சொல்லிடறேன். அங்கே பார், மயில்!”

மாசிலாமணி திரும்பவில்லை. குருவின் வேட்டி முனை அவனுடைய இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது.

“நிஜமாவே மயில்தான்ப்பா.”

“இருக்கட்டும், சாமி.”

மற்றச் சீடர்கள் மதிலோரம் ஓடினார்கள். “யப்பா, என்னா தோகைடா!” என்று ஒருவன் கூவினான்.

“ஆடுது, மாசிலாமணி.”

“ஆடட்டும், சாமி.”

குரு எழுந்தார். அவனும் எழுந்தான். குரு தோட்டத்துக்கு நடந்தார். அவனும் நடந்தான். மறைப்புத் தட்டியருகே குரு நின்றார்.

“இது ஒதுங்குற இடம்ப்பா.”

“தெரியுது, சாமி.”

“வேட்டியை விடு. அவசரம்.”

“விடறேன். திரும்பி வருவீங்கதானே? எப்ப வருவீங்க? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க!”

“உனக்குக் கேட்க வாய் இருக்கு, மாசிலாமணி. அவளுக்கு இன்னும் அவ்வளவு பேச்சு வரலை.”