மச்சான் பிடித்த கயிறு

கீரிப்பாறை என்ற மலையூரில் பொம்மி என்று ஒருத்தி இருந்தாள். அது இருளர் ஊர். எந்தக் கம்பெனியும் எட்டிப் பார்க்காத அந்த மேட்டுக்கு, ஊர்ச்சனத்தைக் கூட்டிக்கொண்டு, கீழே டவுனிலிருந்து இன்டர்நெட்டைக் கொண்டுவந்து சேர்த்தவள் அவள். பாறை உச்சியில் ஒரு ஆன்டெனா, அதிலிருந்து இறங்கும் கேபிள், ஊருக்குள் மூங்கில் கம்பங்கள், ஒரு சோலார் பலகை. எல்லாம் ஊருக்குச் சொந்தம். அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளச் சுற்றுப்பட்ட மலையூர்களிலிருந்து ஆட்கள் அவளிடம் வந்து போனார்கள்.

அப்படி வந்தவர்களில் சடையனும் ஒருவன். அடுத்த மலையில் ஊர் மூப்பன், மீசை நரைத்தவன், பொம்மியின் அக்காள் புருஷன். கொழுந்தியாளிடம் சிஷ்யனாக உட்கார முதலில் அவனுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இரண்டு முறை கேபிளைத் தப்பாகச் சீவி அவளிடம் திட்டு வாங்கியதும் கௌரவம் தானாக இறங்கிவிட்டது.

அன்று அவன் பாடம் கேட்க வரவில்லை. ஜீப்பில் வந்து இறங்கினான். கூடவே ஒரு கம்பெனி ஆள், நவீன் என்று பெயர். நல்ல பிள்ளைதான். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வணக்கம் சொன்னான்.

"பொம்மி, நான் இனிமே வயர் முறுக்க வரலை" என்றான் சடையன். "கம்பெனியே எங்க ஊர்ல டவர் வைக்குதாம். மழைக்கு முந்தி முடிச்சுத் தர்றாங்களாம். நாளைக்குக் கிராமசபை. தீர்மானம் போட்டு எழுதிக் குடுத்திரலாம்னு இருக்கேன்."

"குடுங்க மாமா."

"குடுக்கட்டுமா?"

"முடிவு பண்ணிட்டுத்தானே வந்திருக்கீங்க?"

சடையன் தலையைச் சொறிந்தான். போன மழையில் அவன் தம்பி பெண்டாட்டி பிரசவ வலியில் கிடந்தாள். சிக்னல் தேடி ஒருவன் மழையில் மலையிறங்கி ஓடினான். ஆம்புலன்ஸ் வந்தபோது ஏற்றிப்போக உயிர் இல்லை. இந்த மழைக்கு அவன் மகள் மாதிக்குப் பேறுகாலம். அவனுக்குச் சோறு இறங்கி வெகுநாளாகிறது.

"நாமளே போட்டா தை மாசம் ஆகும்னு நீதானே சொன்ன?"

"முழு லைனுக்குத் தை ஆகும். மெதுவான லைன் ஒண்ணு மழைக்கு முந்தியே இழுத்திரலாம்னும் சொன்னேன். படம் ஓடாது. பேச்சு கேக்கும்."

"அதை யாரு பார்த்துக்குவா? எங்காளுகளுக்கு இடுக்கியைப் பிடிக்கவே தெரியாது. கம்பெனியில படிச்சவங்க இருக்காங்க."

பொம்மி நவீனைப் பார்த்தாள். "மழையில லைன் போச்சுன்னா எப்படிங்க தம்பி?"

"உடனே சரிபண்ணிருவோம்க்கா. ஒரு நம்பர் தருவோம். கூப்பிட்டுச் சொன்னாப் போதும்."

"லைன் போனப்புறம் எதுல கூப்பிடறது?"

நவீன் யோசித்தான். "கீழ வந்து கூப்பிடலாம்."

சடையன் அது காதில் விழாதமாதிரி இருந்தான். வேறு பக்கம் பார்த்தான்.

 பொம்மி எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். "காலையிலிருந்து எங்க லைனும் செத்துக் கிடக்கு. குரங்கு கேபிளைப் பிடுங்கிருச்சு. பாறையில பாதி தூரம் இறங்கி மாட்டணும். உங்களுக்குக் கயித்துல தொங்கித் தேனெடுத்த கை. வாங்க மாமா."

மூவரும் பாறை உச்சிக்குப் போனார்கள். கீழே காடு கிடுகிடு பள்ளத்தில் கிடந்தது. நடுப்பாறையில் கேபிள் தொங்கி ஆடியது. பொம்மி கயிற்றை எடுத்துவந்து போட்டாள். சடையன் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, மறுமுனையைக் கையில் வைத்தபடி நின்றான்.

"மச்சான் எங்க?" என்று பொம்மியைக் கேட்டான்.

"அண்ணன் மாட்டைத் தேடிப் போயிருக்கான். வர நேரமாகும். இந்தத் தம்பி பிடிக்கட்டும்."

நவீன் சட்டைக் கையை மடித்துவிட்டான். தோள் இரண்டும் திண்ணென்று இருந்தன. "குடுங்க சார். தினம் ஜிம்முக்குப் போற ஆளு நான். உங்களை ஒரு கையிலயே தூக்கிருவேன்."

"வேண்டாங்க தம்பி."

"ஏன் சார்?"

"தப்பா எடுத்துக்காதீங்க. மச்சான் வரட்டும்."

"அவசரம் மாமா" என்றாள் பொம்மி. "ஊரே காத்துக்கிட்டிருக்கு."

"இருக்கட்டும்."

அவன் உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேரும் சொல்லிப் பார்த்தார்கள். அசையவில்லை.

வெயில் சாய்ந்தபின் காரன் வந்தான். பொம்மிக்கு அண்ணன், சடையனுக்கு மச்சான். ஒல்லியான ஆள், காற்றடித்தால் பிடித்து நிறுத்தவேண்டும். போன திருவிழாவில் ஒரு ஆட்டுக்குட்டி விஷயமாக இருவருக்கும் வாய்த்தகராறாகி, அதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. காரன் சடையன் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றை வாங்கி மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டு, பாறை இடுக்கில் காலை ஊன்றி உட்கார்ந்தான்.

சடையன் இறங்கினான். கீழே குனிந்தும் பார்க்கவில்லை, மேலே நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவன் கால் தேடும்போது கயிறு தளர்ந்தது, கால் வழுக்கும்போது இறுகியது. ஒரு வார்த்தைகூடக் கேட்கவேண்டியிருக்கவில்லை. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு கேபிளைக் கொக்கியில் மாட்டும்போது அவனுக்குக் கண் கலங்கியது. ஆட்டுக்குட்டியைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாம் என்று தோன்றியது.

அவன் மேலே ஏறி வந்ததும் காரன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, பேசாமல் கிளம்பிவிட்டான். கீழே ஊரில் யாருடைய போனோ மணியடித்தது.

நவீனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "என்ன சார் இது, அவருக்கு உங்க மேல அவ்வளவு கோபம். அவரை நம்பியா இறங்குனீங்க?"

"கோபம் என் மேலதானுங்க தம்பி" என்றான் சடையன், கையைத் துடைத்தபடி. "நான் விழுந்தா தாலியறுக்கறது அவன் தங்கச்சியாச்சே. விடுவானா? அதனாலதான் எங்க சனத்துல வேற யாரு கையிலயும் கயித்தைக் குடுக்கறதில்லை."

நவீன் ஆமாம் என்று தலையாட்டினான்.

சடையன் இடுப்புக் கட்டின் தடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். பிறகு மெல்லப் பொம்மியின் பக்கம் திரும்பினான்.

"நாளைக்குச் சபையில நான் என்ன சொல்லட்டும்? உள்ளதைச் சொல்லு. மாதி உனக்கும் மகதான்."

 பொம்மி நவீனிடம் கேட்டாள், மரியாதையாகவே கேட்டாள்.

"ஏனுங்க தம்பி, உங்க கம்பெனிக்காரங்க தங்கச்சி யாராச்சும் எங்கக்கா ஊர்ல வாக்கப்பட்டிருக்காங்களா?"

நவீன் சிரித்துவிட்டான். சடையன் சிரிக்கவில்லை.